தப்பு வந்தால் தெரிய வேண்டும்: கணித புராஜெக்ட்டுக்குக் கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து மூன்று தலைப்புகள்

எம்.எஸ்சி. கணிதம் கடைசி செமஸ்டரில் புராஜெக்ட் தலைப்பு தேடும் மாணவர் முதலில் கையில் எடுப்பது முந்தைய பேட்ச் விட்டுப்போன பைண்டிங் பிரதியைத்தான். முதல் அத்தியாயம் வரையறைகள், இரண்டாவதும் வரையறைகள், மூன்றாவதில் யாரோ நிறுவிய நான்கு தேற்றங்கள், நான்காவதில் இரண்டு எடுத்துக்காட்டுகள். ஏப்ரலில் வைவாவுக்கு வரும் வெளித் தேர்வாளர் "இதில் நீ செய்தது எது?" என்று கேட்டால் மாணவர் கைடின் முகத்தைப் பார்ப்பார். திறமைக் குறைவு இதற்குக் காரணமில்லை. அந்தத் தலைப்பில் மாணவர் செய்வதற்கு எந்த வேலையும் இல்லை, அவ்வளவுதான்.

தலைப்பு எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: என் விடை தப்பாக வந்தால், அது தப்பு என்று எனக்கு எப்படித் தெரியவரும்? இதற்குப் பதில் இருக்கிற தலைப்பு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் நல்ல தலைப்பு. பதில் இல்லாத தலைப்பு, பெயரில் 'ஃபஸி' இருந்தாலும் 'நியூரல்' இருந்தாலும், மாணவரைக் கைவிட்டுவிடும். கடலூர், புதுச்சேரி வட்டாரத்தோடு தொடர்புள்ள மூன்று தலைப்புகளை இங்கே எடுத்துக்கொள்கிறோம். ஒன்று எண் கணிதம், ஒன்று வகைக்கெழுச் சமன்பாடு, மூன்றாவது இரண்டுக்கும் நடுவே. மூன்றிலும் தப்பைப் பிடிக்கும் வழி வேறு வேறு.

சிதம்பரத்துப் பிள்ளையும் 17 அடுத்தடுத்த எண்களும்

எஸ். எஸ். பிள்ளை 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். வேரிங் கணக்கில் (எந்த முழு எண்ணையும் எத்தனை வர்க்கங்களின், கனங்களின், உயர் அடுக்குகளின் கூட்டலாக எழுதலாம் என்ற கேள்வி) அவர் செய்த வேலை உலகறிந்தது. மாணவருக்கு ஏற்றது அவருடைய இன்னொரு சிறிய முடிவு. அடுத்தடுத்து வரும் 16 அல்லது அதற்குக் குறைவான முழு எண்களை எங்கிருந்து எடுத்தாலும், மற்ற எல்லாவற்றோடும் சார்பகா எண்ணாக (1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாமல்) நிற்கும் ஓர் எண் அவற்றில் கட்டாயம் இருக்கும். 17 எண்கள் எடுத்தால் இது பொய்க்கிறது. 2184 முதல் 2200 வரை எந்த எண்ணை எடுத்தாலும், அதோடு பொதுக் காரணி உள்ள இன்னோர் எண் அதே கூட்டத்தில் இருக்கிறது. 17-க்கு மேல் எந்த நீளத்துக்கும் இப்படிப்பட்ட கூட்டம் உண்டு என்பதைக் கணிதவியலாளர் பிரவுவர் 1941-இல் நிறுவினார்.

இந்தக் கணக்கு மாணவருக்குக் கற்றுத்தருவது நிறைய. 17 எண்கள் கொண்ட கூட்டங்களை 1-இலிருந்து சோதித்துப் போகிறவருக்கு 2183 வரை எல்லாத் தொடக்க எண்ணிலும் 'சரி' என்றே வரும். 2000-இல் நிறுத்துகிறவர் 'எனவே எப்போதும் உண்மை' என்று எழுதிவிடுவார். 'ஆயிரம் வரை சோதித்தோம், ஆகவே நிறுவப்பட்டது' என்ற வாக்கியத்தை எத்தனையோ புராஜெக்ட் அறிக்கைகளில் பார்க்கலாம். அதற்கு 2184 போதும்.

எங்கே நிறுத்தலாம் என்பதைக் கணிதமே சொல்லிவிடுகிறது. கூட்டத்தில் உள்ள இரண்டு எண்களின் வித்தியாசம் 16-ஐத் தாண்டாது. இரண்டுக்கும் பொதுவான பகா எண் அந்த வித்தியாசத்தையும் வகுக்கும். ஆகவே கணக்கில் வருவன 2, 3, 5, 7, 11, 13 மட்டுமே. இவற்றின் பெருக்கல் 30030. ஒரு தொடக்க எண் ஒத்துவருகிறதா என்பது 30030-ஆல் வகுத்த மீதியை மட்டுமே பொறுத்தது. எனவே 1 முதல் 30030 வரை பார்த்துவிட்டால் எல்லா எண்களையும் பார்த்ததாகும். ஒவ்வொரு தொடக்கத்துக்கும் 136 ஜோடிகள், மொத்தம் 40,84,080 மீப்பெரு பொது வகுத்திக் கணக்கு. சாதாரண லேப்டாப்பில் பைத்தான் இதைச் சில விநாடிகளில் முடித்துவிடும். விடையாக வருவன இரண்டே இரண்டு: 2184, 27830.

நிரலில் சறுக்கும் இடங்கள் தெரிந்தவைதான். பைத்தானில் 2184, 2200 என்று எல்லை கொடுத்தால் 2199-லேயே நின்றுவிடும், 16 எண்கள்தான் வரும். அப்போது 2189 தனித்து நிற்கும். 2189 என்பது 11 × 199, அதற்கு 11-இல் துணையாக இருந்தது 2200, அதுதான் விடுபட்டுவிட்டது. விடை பிழை என்று பார்த்தால் முதலில் இதைச் சோதியுங்கள். அடுத்தது, ஓர் எண்ணை அதனோடேயே ஒப்பிட்டுவிடுவது. அதற்கும் அதற்கும் பொது வகுத்தி அதுவே, ஆகவே எல்லாக் கூட்டமும் பொய்த்ததாக வரும். மூன்றாவது, கேள்வியையே மாற்றிப் படிப்பது. 'எல்லா எண்களும் ஒன்றுக்கொன்று சார்பகா' என்பது வேறு கேள்வி, 'ஓர் எண்ணாவது மற்ற எல்லாவற்றோடும் சார்பகா' என்பது வேறு. எழுதும்போது 'ஏதேனும் ஒன்று', 'ஒவ்வொன்றும்' என்ற சொற்களின் இடம் மாறினால் தேற்றமே மாறிவிடும்.

கணினி விடை சொன்ன பிறகுதான் மாணவரின் சொந்த வேலை தொடங்குகிறது. அதே விடையைக் கையால் வரவழைக்க வேண்டும். கூட்டத்தின் இடங்களை 0 முதல் 16 வரை எண்ணுங்கள். இரட்டை எண்களுக்கு 2 என்ற பொதுக் காரணியே துணை, கவலை ஒற்றை எண்களைப் பற்றியதுதான். தொடக்க எண் ஒற்றை என்றால் 0, 2, 4, … 16 என்ற ஒன்பது இடங்களை மூட வேண்டும், அதாவது அங்குள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் கூட்டத்தில் இன்னோர் எண்ணோடு பொதுக் காரணி இருக்க வேண்டும். 3 அதிகபட்சம் மூன்று இடத்தை மூடும், 5 இரண்டு, 7 இரண்டு, 11 ஒன்று, 13 ஒன்று. கூட்டினால் சரியாக ஒன்பது, ஓர் இடம்கூட வீணாகக் கூடாது. 7 இரண்டு இடத்தை மூட வேண்டுமென்றால் 0-14 அல்லது 2-16 என்று ஓரங்களுக்குப் போயாக வேண்டும். நடுவிலுள்ள 6, 8, 10 இடங்களுக்கு 11-ஆலும் 13-ஆலும் எட்ட முடியாது, துணை எண் கூட்டத்துக்கு வெளியே விழும். மிச்சம் 3-உம் 5-உம். ஆனால் 6, 8, 10-க்குள் வித்தியாசம் 2 அல்லது 4 என்பதால் ஒவ்வொன்றும் அதில் ஓர் இடத்தைத்தான் பிடிக்கும். மூன்று இடம், இரண்டு பகா எண். நடக்காது.

தொடக்க எண் இரட்டை என்றால் மூட வேண்டியவை எட்டு இடங்கள். இதே மாதிரி அலசினால் இரண்டு அமைப்புகள்தான் தேறும். ஒன்றில் 3 என்பது 3, 9, 15 இடங்களிலும், 5 என்பது 1, 11-லும், 7 ஏழாவது இடத்திலும், 11 ஐந்திலும், 13 பதின்மூன்றிலும் நிற்கும். இதைச் சீன மீதித் தேற்றத்தில் (பல எண்களால் வகுத்த மீதிகளிலிருந்து மூல எண்ணைக் கண்டறியும் தேற்றம்) வைத்தால், தொடக்க எண் 2, 3, 7, 13-ஆல் வகுபட வேண்டும், அதாவது 546-இன் மடங்கு. 5-ஆல் வகுத்தால் மீதி 4, 11-ஆல் வகுத்தால் மீதி 6. 546-இன் நான்காம் மடங்கில் இரண்டும் பொருந்துகின்றன: 546 × 4 = 2184. கணினி சொன்ன எண் கையிலிருந்தும் வந்துவிட்டது. இந்த ஒரு பக்கத்தை மாணவர் கரும்பலகையில் எழுதிக்காட்டினால் வைவாவில் வேறு கேள்விக்கே அவசியம் இராது.

அடுத்த படியும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. நீளம் எதுவானாலும், ஒரு சுழற்சிக்குள் (நீளம் 17-க்கு அது 30030) பொய்த்துப்போகும் தொடக்க எண்களின் எண்ணிக்கை இரட்டைப்படைதான். ஒரு கூட்டத்தின் எல்லா எண்களுக்கும் குறியை மாற்றினால் இன்னொரு கூட்டம் கிடைக்கும், 2184-க்கு 27830 கிடைத்தது அப்படித்தான். இரண்டும் ஒன்றாகவே போகுமா என்பதை மட்டும் மறுக்க வேண்டும். நீளம் இரட்டை என்றால் ஒற்றை-இரட்டைத் தன்மையே (பாரிட்டி) மறுத்துவிடும். ஒற்றை என்றால் நடு எண்ணை எல்லா ஒற்றைப் பகா எண்களும் வகுக்க நேரும். அப்போது அதிலிருந்து ஒன்று அல்லது இரண்டு தள்ளியுள்ள ஒற்றை எண்ணுக்குத் துணையே கிடைக்காது. அரைப் பக்க நிறுவல். சின்னதுதான், ஆனால் மாணவர் தானே கண்டு தானே நிறுவியது. பிறர் நிறுவிய நான்கு பெரிய தேற்றங்களைப் படியெடுப்பதைவிட இந்த அரைப் பக்கத்துக்கு மதிப்பு அதிகம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

துறைமுகத்துக்கு வடக்கே கரை ஏன் தேய்கிறது

புதுச்சேரி துறைமுகத்தின் கல் தடுப்புக்குத் தெற்கே மணல் சேர்வதையும், வடக்கே நகரத்துக் கடற்கரை அரிப்பில் போனதையும் உள்ளூர் மாணவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அலை சாய்வாக வந்து மோதும்போது மணல் கரையோரமாக நகர்கிறது. இந்தப் பக்கத்தில் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது தெற்கிலிருந்து வடக்கே போகிறது. குறுக்கே தடுப்பு வந்தால் ஒரு பக்கம் குவியும், மறுபக்கம் பசி. இதற்குப் பெல்னா-கான்சிதேர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1956-இல் கொடுத்த மாதிரி, கரைக்கோட்டின் நகர்வை வெப்பப் பரவல் சமன்பாடாக எழுதுகிறது. எம்.எஸ்சி. பாடத்தில் படித்த அதே சமன்பாடு. வெப்பநிலைக்குப் பதில் கரையின் நிலை, அவ்வளவே வேறுபாடு.

கணக்குக்கு ஒரு பரவல் கெழு வேண்டும், கரையின் மாற்றம் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதன் அளவு அது. நாளொன்றுக்கு 400 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்கு காட்ட எடுத்த எண், புதுச்சேரிக் கரையின் அளவீடு இல்லை. அலை கரைக்கோட்டோடு சாயும் கோணத்தின் டேன்ஜென்ட் 0.1 என்க. கரையை 50 மீட்டர் இடைவெளிகளாகப் பிரித்து, வெளிப்படையான முன்னோக்கு முறையில் (இப்போதைய நிலையிலிருந்து அடுத்த காலப்படியின் நிலையை நேராகக் கணக்கிடுவது) நிரல் எழுதுகிறார்கள். பெரும்பாலோர் காலப்படியை 'ஒரு வாரம்' என்று வைப்பார்கள், சொல்வதற்கு வசதி. 400 × 7-ஐ 50-இன் வர்க்கத்தால் வகுத்தால் 1.12. இது 0.5-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் சில படிகளிலேயே கரைக்கோடு ரம்பப் பல்லாகி, பிறகு கிலோமீட்டர் கணக்கில் தாவும். 50 மீட்டர் இடைவெளிக்குக் காலப்படி 3.125 நாளுக்குள் இருக்க வேண்டும். 'துல்லியம் கூடட்டும்' என்று இடைவெளியை 25 ஆக்கினால் காலப்படி 0.78 நாளுக்குள் வர வேண்டும். இடைவெளி பாதியானால் காலப்படி கால்வாசி. இதை மறந்துவிட்டு, நேற்று ஓடிய நிரல் இன்று வெடிக்கிறது என்று தவிப்பவர்கள் ஏராளம்.

ரம்பப் பல் கண்ணுக்குத் தெரியும், அதனால் அது நல்ல பிழை. ஆபத்தானது, அழகான வளைவாக வந்து தப்பாக இருப்பது. அதைப் பிடிக்கத்தான் துல்லிய விடை. முழுக்க மறிக்கும் தடுப்பின் ஓரத்தில் மணல் சேரும் தூரத்துக்கு நேரடிச் சூத்திரம் இருக்கிறது. பரவல் கெழுவையும் காலத்தையும் பெருக்கி, π-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, அதை 2-ஆலும் டேன்ஜென்ட்டாலும் பெருக்க வேண்டும். நம் எண்களில் 365 நாளுக்கு 43.1 மீட்டர். நான்கு ஆண்டுக்கு 86 மீட்டர், அதாவது நான்கு மடங்கு காலத்துக்கு இரு மடங்கு தூரம்.

நிரல் 45.6-ஐ ஒட்டிக் காட்டினால் கோளாறு எல்லை நிபந்தனையில் இருக்கிறது. தடுப்பின் ஓரப் புள்ளியை 'அடுத்த புள்ளி கூட்டல் 5 மீட்டர்' என்று நேராக எழுதியிருப்பார்கள். அப்படி எழுதும்போது சரிவு பொருந்துவது ஓரத்தில் இல்லை, அரை இடைவெளி தள்ளி, 25 மீட்டரில். அதனால்தான் இரண்டரை மீட்டர் கூடுதல். தடுப்புக்கு அப்பால் ஒரு போலிப் புள்ளி இருப்பதாக வைத்து, அதன் மதிப்பை 'அடுத்த புள்ளி கூட்டல் 10 மீட்டர்' என்று எடுத்தால் பிழை பெருமளவு மறைந்துவிடும். கரையின் மறுமுனையும் கவனிக்கத்தக்கது. ஓராண்டுக் கணக்கில் பரவல் தூரம் சில நூறு மீட்டர். எனவே ஒரு கிலோமீட்டரோடு கட்டத்தை முடித்தால் மறுமுனை விடையில் கை வைக்கும். மூன்று கிலோமீட்டர் எடுங்கள், பிறகு ஐந்து எடுத்துப் பாருங்கள். விடை அசையக் கூடாது.

செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட ஆசை வரும், வரட்டும். லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டர், சென்டினல்-2 படத்தில் 10 மீட்டர். கடல்மட்டம் ஏறி இறங்குவதும் சேரும். 20-க்கு 1 சரிவுள்ள கரையில் நீர்மட்டம் அரை மீட்டர் மாறினாலே கரைக்கோடு 10 மீட்டர் நகர்ந்ததாகத் தெரியும். ஆகவே இரண்டு படங்களை வைத்து 'எட்டு மீட்டர் அரிப்பு' என்று எழுதுவது தவறு. ஒரே பருவத்தில் எடுத்த பல ஆண்டுப் படங்களை வரிசையாக வைத்துப் போக்கைப் பார்ப்பதே முறை. கல் கொட்டிய கரையில் இந்தச் சமன்பாடு அப்படியே பொருந்தாது என்பதையும் அறிக்கையில் ஒரு பத்தியாக எழுதுங்கள். மாதிரி எங்கே நின்றுவிடுகிறது என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் தேர்வாளர் நம்புவார்.

சோழி வைத்துக் கணித்த கிரகணம்

மூன்றாவது தலைப்பு புதுச்சேரிக்கே உரியது. ஜான் வாரன் 1825-இல் வெளியிட்ட 'கால சங்கலித' நூலில், புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமான வாக்கியங்களை (எண்களை எழுத்துகளாக மாற்றிக் கோத்த சொற்றொடர்கள்) கொண்டு ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதைப் பதிவு செய்திருக்கிறார். அதே ஆண்டு மே 31-ஜூன் 1 இரவின் கிரகணம் அது. தொடக்கத்தில் சுமார் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 நிமிடம்தான் பிசகு. கையில் ஏடும் இல்லை, எழுதுகோலும் இல்லை.

இதற்குள் இருக்கும் கணிதம் தொடர் பின்னம், அதாவது ஓர் எண்ணை முழு எண் பகுதி, மிச்சத்தின் தலைகீழி என்று படிப்படியாக விரிப்பது. நிலா பூமிக்கு மிக அருகில் வரும் நிலையிலிருந்து மறுபடி அதே நிலைக்கு வர 27.55455 நாள் ஆகிறது. இதைத் தொடர் பின்னமாக விரித்தால் 27, பிறகு 1, 1, 4, 12, 18. நான்காவது படியில் 248/9. அதாவது 248 நாளில் 9 சுற்று, வித்தியாசம் சுமார் 13 நிமிடம். வாக்கிய முறையில் நிலாவுக்கு 248 வாக்கியங்கள் இருப்பது இதனால்தான். அடுத்த படி 3031/110, வித்தியாசம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. 3031 நாள் என்பதும் வாக்கியக் கணக்கில் இருக்கும் எண்தான். அதற்கு மேல் மரபு எடுப்பது 12372 நாள், அதாவது 3031-இன் நான்கு மடங்கோடு 248. இன்றைய மதிப்பை விரித்தால் நான்குக்குப் பதில் 18 வருகிறது. இந்த 4-க்கும் 18-க்கும் இடையே நிற்பதுதான் புராஜெக்ட். மரபு எடுத்துக்கொண்ட மாத நீளம் என்ன, 12372 நாளில் எவ்வளவு பிசகு சேர்கிறது (இன்றைய மதிப்பில் சுமார் 10 நிமிடம்), அதை எப்படிச் சமாளித்தார்கள் என்று போகலாம்.

இங்கே சறுக்கல் தசம இடங்களில் இருக்கிறது. 27.5546 என்று நான்கு இடத்தோடு நிறுத்தி விரித்தால், 18 வர வேண்டிய இடத்தில் 1 வரும். ஐந்து இடத்தோடும் எட்டு இடத்தோடும் தனித்தனியே விரித்து, எதுவரை ஒத்துப்போகிறதோ அதுவரை மட்டும் நம்புங்கள். கால்குலேட்டரில் தலைகீழியை மாற்றி மாற்றி எடுப்பதும் வேண்டாம், ஒவ்வொரு முறையும் முழுமையாக்கல் பிழை பெருகும். 55455-ஐயும் 1,00,000-ஐயும் வைத்து யூக்ளிட் வகுத்தலைக் கையால் செய்தால் ஆறு வரியில் முடிந்துவிடும், பிழைக்கு இடமில்லை.

பதினாறு வாரத்தை எப்படிப் பங்கிடுவது

முதல் இரண்டு வாரத்தில் கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதி கைடிடம் காட்டுங்கள். 'பற்றிய ஆய்வு' என்று முடியும் வாக்கியம் கேள்வி ஆகாது. ஆறாவது வாரத்துக்குள் விடை தெரிந்த ஒரு சின்ன கேஸை முடித்திருக்க வேண்டும்: பிள்ளை கணக்கில் நீளம் 4, 5, 6-ஐக் கையால் நிறுவுவது, கரைக் கணக்கில் 43.1 மீட்டரை வரவைப்பது. அது முடியவில்லையென்றால் கேள்வியைச் சுருக்குங்கள், வாரத்தை நீட்டாதீர்கள். பன்னிரண்டாம் வாரத்தோடு புதிய வேலையை நிறுத்திவிட வேண்டும். எழுதுவதற்கு நான்கு வாரம் என்பது அதிகமாகத் தோன்றும், போதாமல்தான் போகும்.

நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள், பலிக்காத முயற்சியையும் சேர்த்து. முன்னே யார் செய்திருக்கிறார்கள் என்று பார்க்க இணையத்தில் ஆய்வுக் கட்டுரைகளுக்கான ஆர்க்கைவும் (arXiv) கணிதக் கட்டுரைகளின் பட்டியலான இசட்பி-மேத் ஓப்பனும் (zbMATH Open) இலவசமாகவே கிடைக்கின்றன. முழு எண் வரிசை கிடைத்தால் ஸ்லோன் தொடங்கிய இணைய வரிசைக் களஞ்சியத்தில் (OEIS) தேடுங்கள், ஆனால் நீங்களாகக் கணக்கிட்டு முடித்த பிறகு. முன்னாலேயே பார்த்துவிட்டால் நிரலில் உள்ள பிழையைக் களஞ்சியத்தின் விடைக்கு ஏற்ப வளைக்கத் தோன்றும்.

அறிக்கையை லேடெக்கில் (LaTeX, கணித நூல்களை அச்சுக்கோக்கும் மென்பொருள்) தட்டச்சு செய்வதற்கான காரணம் அழகு மட்டும் இல்லை. வேர்டு கோப்பைப் பிரிண்ட் கடைக் கணினியில் திறந்தால் சமன்பாட்டு எழுத்துரு மாறி, வர்க்கமூலக் குறி கட்டமாகவும் கிரேக்க எழுத்து கேள்விக்குறியாகவும் வந்துவிடும். எதில் எழுதினாலும் பி.டி.எஃப். ஆக்கி எடுத்துப் போங்கள். பைண்டிங்குக்கு இடது ஓரம் ஒன்றரை அங்குலம் விடுங்கள், இல்லாவிட்டால் சமன்பாட்டின் இடப்பக்கம் தையலுக்குள் போய்விடும். பின்னிணைப்பில் நிரல் முழுவதும், பைத்தான் பதிப்பு எண், அது தந்த விடை, ஓடிய நேரம் நான்கும் இருக்கட்டும். கடையில் முதல் பிரதி வந்ததும் மற்றவற்றுக்குச் சொல்லுமுன், நிரல் அச்சான பக்கத்தைத் திறந்து எல்லை 2200 என்று இருக்கிறதா, 2201 என்று இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.